23-ஆம் வளைவில் மூச்சு வாங்கிய டீசல் அம்பாசடர்

காரவள்ளியைத் தாண்டி கொல்லிமலை ஏறும்போது கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் 70-ல் இது எத்தனையாவது என்று பலகை வைத்திருப்பார்கள். மெக்கானிக்கான என்னிடம் வந்த ஒரு வாத்தியார் தன் வண்டியின் நோயைச் சொன்னதே அந்தக் கணக்கில்தான்.

"15 வரைக்கும் ஒண்ணும் தெரியாதுங்க தம்பி. 18-ல இழுவை குறையும். 23-ல செகண்ட் கியர்லயும் போகாது. ஃபர்ஸ்ட் போட்டா புகையத்தான் கக்குமுங்க, வண்டி நவுறாது."

"அப்பறம் என்ன பண்ணுவீங்க சார்?"

"ஆஃப் பண்ணிட்டு பத்து நிமிசம் நிப்பாட்டுவனுங்க. மறுபடி எடுத்தா புது வண்டியாட்டம் ஏறும். 35, 36 வரைக்கும். அங்க மறுபடி நிக்கோணும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் ஏதோ போகிற போக்கில் சொன்னார். எனக்கு அதுதான் கேஸின் பாதி. ஆனால் அதை முழுதாகப் புரிந்துகொண்டு, மீதியையும் முடிக்க எனக்கு ஆறு நாள் ஆனது. நடுவில் ஒரு தப்பும் செய்தேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வண்டி 2004 மாடல் அம்பாசடர். இசுசு டீசல் எஞ்சின், 1995 சிசி, டர்போ கிடையாது. புதிதாக இருந்தபோதே 50 குதிரைத்திறன் சொச்சம்தான். 2,40,000 கிலோமீட்டர் ஓடியது. வாத்தியார் ஓய்வு பெற்றுச் செம்மேட்டுப் பக்கம் மிளகும் காபியும் வைத்திருக்கிறார். வாரம் ஒருமுறை நாமக்கல் இறங்கி ஏறுவார். ஆடி 18-க்கு ஓரி விழாவும் அறப்பளீஸ்வரர் கோயிலும் பார்க்கச் சொந்தக்காரர்கள் வந்து குவிவார்கள், அதற்குள் வண்டி வேண்டும் என்றார். கூடவே ஆர்சி (வண்டிப் பதிவு) புதுப்பிக்கும் நாளும் நெருங்கியிருந்தது. புகைச் சோதனையில் 65-க்குள் வர வேண்டிய புகை அடர்த்தி எண் 81 காட்டியிருந்தது.

என்னிடம் வருவதற்கு முன் வேறோர் இடத்தில் வேலை நடந்திருக்கிறது. டீசல் பம்ப்பைக் கழற்றி சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாலு நாசிலும் புதுசு. ஃபில்டர் இரண்டு முறை மாற்றியாயிற்று. 22,000 ரூபாய் போனது. நோய் போகவில்லை, புகை மட்டும் கூடியது. "சூடானா பம்ப் கையை விட்டுருது, வேற பம்ப் போடோணும்" என்பது அவர்கள் கடைசியாகச் சொன்னது.

அவர்கள் சொன்னது முட்டாள்தனம் இல்லை. இந்த எஞ்சினில் இருப்பது சுழல் வகைப் பம்ப். ஒரே பிளஞ்சர், அதாவது தள்ளுதண்டு, சுழன்றபடியே முன்னும் பின்னும் அசைந்து நாலு சிலிண்டருக்கும் டீசலைப் பங்கு போடும். அந்தப் பிளஞ்சர் தேய்ந்தால், டீசல் சூடாகி நீர்த்துப்போகும்போது இடுக்கு வழியாகக் கசிந்துவிடும். நாசிலுக்குப் போக வேண்டிய அளவு போகாது. ஆறினால் சரியாகிவிடும். வாத்தியார் சொன்ன கதைக்கு இது அப்படியே பொருந்துகிறது. ஆனால் அப்படித் தேய்ந்த பம்ப் இன்னொரு அடையாளத்தையும் காட்டும். ஓடிச் சூடான வண்டியை நிறுத்தி உடனே ஸ்டார்ட் செய்தால் அடம் பிடிக்கும். ஸ்டார்ட்டர் வேகத்தில் கசிவுதான் ஜெயிக்கும்.

"சூட்டுல ஸ்டார்ட் ஆகுதுங்களா சார்?"

"ஒரே தட்டுங்க. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது."

அப்போது பம்ப்பை விட்டுவிட்டு வேறு இடத்தைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் நாள்: கடிகாரமும் கேனும்

இழுவை என்பது மனசு சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. புதிதாக வேலை பார்த்த வண்டி எல்லாருக்கும் ரெண்டு நாளைக்கு நன்றாக இழுப்பதுபோலத்தான் தெரியும். அதனால் நான் ஏதாவது கழற்றுவதற்கு முன்னால் நேரம் எடுத்துவிடுவேன். சேந்தமங்கலம் தாண்டி, காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் சமதளமாக ஒரு நேர்ரோடு உண்டு. அங்கே மூன்றாவது கியரில் 30-லிருந்து 60 வரைக்கும் முழு ஆக்ஸிலரேட்டரில் எத்தனை வினாடி. வண்டியில் அதே இரண்டு பேர், காற்று எதிர்த்தால் கழியட்டும் என்று போகும்போதும் வரும்போதும் ஒருமுறை, சராசரி. இந்த வண்டி எடுத்துக்கொண்ட நேரம் 17 வினாடி. நல்ல நிலையில் உள்ள இதே எஞ்சின் 10-ஐ ஒட்டி வரும் என்பது எனக்கு முன் அனுபவம்.

அதே ஓட்டத்தில் சும்மா பார்க்கக்கூடியதையெல்லாம் பார்த்துவிட்டோம். நியூட்ரலில் விட்டு உருளவிட்டபோது வண்டி தானாகவே நெடுந்தூரம் ஓடியது. இறங்கி நாலு டிரம்மையும் தொட்டால் ஒரே அளவு சூடு. பிரேக் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. டாப் கியரில் மிதித்தால் எஞ்சின் வேகம் மட்டும் தனியாக ஏறவில்லை, கிளட்ச் வழுக்கவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டியதில் அரை வினாடி வித்தியாசம்கூட இல்லை. டேங்க் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உறிஞ்சும் சத்தம் வருகிறதா என்று காதை வைத்தேன். இல்லை.

பம்ப்பில் டீசல் உள்ளே வரும் பான்ஜோ போல்ட்டும் (நடுவில் துளையுள்ள போல்ட்) திரும்பிப் போகும் போல்ட்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். திரும்பும் போல்ட்டின் தலையில் மட்டும் 'அவுட்' என்று பொறித்திருக்கும், அதற்குள் ஊசித்துளை. இரண்டையும் மாற்றிப் பூட்டினால் பம்ப் அந்த ஊசித்துளை வழியாகத்தான் குடிக்க வேண்டும். பம்ப் சர்வீஸ் ஆகி வந்த வண்டி இழுக்கவில்லை என்றால் என் கை முதலில் அங்கேதான் போகும். சரியாகத்தான் பூட்டியிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அது மட்டும் மாறியிருந்தால் பத்து நிமிடத்தில் பெரிய மெக்கானிக் ஆகியிருப்பேன்.

பத்து நிமிட ஓய்வில் எது சரியாகும்? சூடு ஆறும். அதை ஒதுக்கியாயிற்று. இன்னொன்றும் பத்து நிமிடத்தில் நடக்கும். உறிஞ்சும் குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டிருப்பது, உறிஞ்சல் நின்றால் கீழே விழும்.

இந்த வகை வண்டியில் டேங்கிலிருந்து டீசலைத் தள்ளிவிட எலக்ட்ரிக் பம்ப் எதுவும் கிடையாது. டீசல் பம்ப்பின் வயிற்றுக்குள்ளேயே ஒரு சின்ன இறக்கைப் பம்ப் இருக்கிறது. அதுதான் பின்னால் உள்ள டேங்கிலிருந்து, நீளக் குழாய், ரப்பர் ஹோஸ்கள், ஃபில்டர் எல்லாவற்றையும் தாண்டி டீசலை உறிஞ்சி எடுக்க வேண்டும். அதாவது டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் உள்ள வழி முழுக்க உறிஞ்சலில் இருக்கிறது. இங்கே ஒரு ஹோஸ் வெடித்திருந்தால் டீசல் சொட்டாது, காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டு இல்லை, அதனால் லைன் நல்லாயிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கும் தப்பு.

ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவே ஒரு முழம் கண்ணாடி ஹோஸ் போட்டோம். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாதபோது, சுத்தமாக இருந்தது. ஆக்ஸிலரேட்டரை உயர்த்தியதும் கடுகுபோலக் குமிழிகள் வரிசையாகப் போயின. அதோடு நிறுத்தாமல் ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் சுத்தமான டீசல் ஊற்றி, பானெட்டுக்குள் பேட்டரி ஓரமாகச் சூடு படாத பக்கம் இறுகக் கட்டி, பம்ப்புக்குப் போகும் ஹோஸையும் திரும்பும் ஹோஸையும் அதிலேயே விட்டேன். டேங்க், குழாய், ஃபில்டர் எதுவும் இப்போது வழியில் இல்லை. வாத்தியாரை ஓட்டச் சொல்லி மலை ஏறினோம்.

15, 18, 23. அவர் ஒவ்வொரு பலகையையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். 23-ஐத் தாண்டியதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரோட்டப் பாருங்க சார்" என்றேன். 40-ல் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி இறங்கிவிட்டோம். கட்டிய கேனோடு மொத்த மலையும் ஏறும் தைரியம் எனக்கு இல்லை.

வண்டி எங்கேயும் நிற்கவில்லை. ஆனால் நன்றாக ஏறியது என்றும் சொல்ல மாட்டேன். செகண்டில் முக்கி முக்கித்தான் வந்தது, பின்னால் கறுப்புப் புகை. அப்போதே இரண்டு நோய் என்று புரிந்திருக்க வேண்டும்.

டேங்குக்குள் இருந்தது

டேங்கைக் கழற்றி டீசலை வடித்தோம். வாத்தியார் இரண்டாயிரத்து இருபதில் ஊரடங்கின்போது வண்டியைப் பாதி டேங்கோடு பல மாதம் நிறுத்தி வைத்திருக்கிறார். மலையில் இரவில் குளிர், பகலில் வெயில். டேங்கின் மேல்பாதியில் உள்ள காற்றின் ஈரம் சுவரில் வியர்த்து, தண்ணீராகி அடியில் நிற்கும். டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நுண்ணுயிர் வளரும். அடியிலிருந்து ஒரு டம்ளர் அளவு வந்தது: கறுப்பாக, கஞ்சி ஆறினால் மேலே படியும் ஆடைபோல வழவழவென்று. துருத்தூள் கொஞ்சம்.

அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது கடைசியில் டேங்கைக் கவிழ்த்து ஆட்டியபோது வந்து விழுந்தது. ஐந்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிதாக, மெல்லிய வட்டத் தகடு. கேன் மூடிக்கு உள்ளே ஒட்டியிருக்குமே, அந்த சீல்.

"ஊட்டுல கேன்ல வாங்கி வெச்சிருந்து ஊத்துவனுங்க" என்றார் வாத்தியார். பிறகு கொஞ்ச நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அது டீசலுக்குள் அலைந்துகொண்டிருந்திருக்கிறது. சமதளத்தில், வேகம் குறைவாக ஓடும்போது உறிஞ்சல் குறைவு, அது பாட்டுக்கு இருக்கும். மலையில் தொடர்ந்து முழு ஆக்ஸிலரேட்டர். டீசல் ஓட்டம் கூடும், வண்டி சாய்ந்திருப்பதால் டீசலும் ஒரு பக்கமாக ஒதுங்கும். தகடு மெல்ல வந்து, உறிஞ்சும் குழாயின் வலைவாயில் ஒட்டிக்கொள்ளும். சேறு ஏற்கெனவே பாதி வலையை அடைத்திருக்கிறது. எஞ்சினை நிறுத்தினால் உறிஞ்சல் விட்டுப்போய்த் தகடு நழுவும். பத்து நிமிடம்கூட வேண்டாம், இரண்டு நிமிடம் போதும். வாத்தியார் பொறுமைசாலி என்பதால் பத்து நிமிடம் நின்றிருக்கிறார். அடுத்த பதினைந்து வளைவுக்குள் மறுபடி ஒட்டும்.

குமிழிக்குக் காரணம் வேறு. டேங்க் மேலுள்ள ரப்பர் ஹோஸும், ஃபில்டர் தலையில் கைப்பம்ப் அடியிலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையமும் கட்டையாகிவிட்டிருந்தன. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை. இருபது வருட ரப்பர் அப்படித்தான் இருக்கும். இதில் எரிபொருளின் கையும் கொஞ்சம் உண்டு என்பது என் கணிப்பு. 2020 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கும் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான்; இந்த வண்டி ஓட ஆரம்பித்த காலத்தில் அது பல மடங்கு. கந்தகத்தை எடுக்கும் சுத்திகரிப்பில், பழைய ரப்பரை உப்ப வைத்திருந்த வேறு சில சேர்மங்களும் குறைந்துவிடுகின்றன. ஊறி உப்பி இடத்தை அடைத்துக்கொண்டிருந்த சீல் அப்போது சுருங்கும். பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் ஓ-ரிங், ஹோஸ் எல்லாவற்றையும் ஒருமுறை மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது. சில நூறு ரூபாய் சமாச்சாரம்.

டேங்கைக் கழுவிக் காயவைத்து, வலையைச் சுத்தம் செய்து, ஹோஸ் எல்லாம் புதிதாகப் போட்டு, கண்ணாடி ஹோஸில் ஒரு குமிழிகூட இல்லை என்று பார்த்த பிறகு நேர்ரோட்டில் நேரம் எடுத்தோம். 13.5 வினாடி.

உறிஞ்சலில் இருந்த தடை இத்தனை பெரிய பங்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. பம்ப்புக்குள் இருக்கும் அந்த இறக்கைப் பம்ப் டீசலை ஊட்டுவதோடு இன்னொரு வேலையும் பார்க்கிறது. எஞ்சின் வேகம் கூடக் கூட அது உண்டாக்கும் அழுத்தமும் கூடும். அந்த அழுத்தம் ஒரு சின்ன பிஸ்டனைத் தள்ளி, டீசல் பீய்ச்சும் நேரத்தை முன்னால் கொண்டுவரும். உள்ளே காற்றுக் கலந்தோ வழி அடைபட்டோ போனால் அழுத்தம் ஏறாது, டைமிங்கும் முன்னே வராது. டீசலும் குறைவு, வருகிற டீசலும் தாமதம். ஒரு குறைக்கு இரண்டு தண்டனை.

நான் செய்த தப்பு

13.5-லேயே வாத்தியாருக்கு மகிழ்ச்சிதான். "போதுமுங்க தம்பி" என்று சாவியை வாங்கக் கை நீட்டினார். புகை எனக்குப் பிடிக்கவில்லை. சும்மா நிறுத்தி வைத்து ஒருமுறை அழுத்தினால்கூட பின்சுவரில் கரி படிந்தது. இரண்டு நாள் கேட்டு வாங்கினேன்.

பம்ப்பைக் கூர்ந்து பார்த்தேன். பின்பக்கம் முழுச்சுமை ஸ்க்ரூ ஒன்று இருக்கும். பம்ப் அதிகபட்சம் எவ்வளவு டீசல் தரலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சர்வீஸ் கடையில் டெஸ்ட் பெஞ்ச் மேல் வைத்து அளந்து பூட்டி பெயின்ட் அடித்து அனுப்புவார்கள். இதில் பெயின்ட் உடைந்திருந்தது, மரை பளபளத்தது. யாரோ உள்ளே திருகியிருக்கிறார்கள். அதற்குச் சாட்சி இன்னொன்றும் இருந்தது: ஐடில் ஸ்க்ரூவை ஏறக்குறைய கடைசி வரை வெளியே விட்டிருந்தார்கள். முழுச்சுமை ஸ்க்ரூவை உள்ளே திருகினால் ஐடிலும் கூடவே ஏறும். அதை அடக்க இதைத் தளர்த்த வேண்டியிருந்திருக்கும். பம்ப் கடையை விட்டு வந்த பிறகும் இழுக்கவில்லை என்றதும் "டீசல் ஏத்தி விடு" என்று யாரோ செய்த வேலை.

பெயின்ட் கோடு பழைய இடத்தில் சேரும்வரை முக்கால் சுற்று வெளியே எடுத்தேன். புகை பாதியாகக் குறைந்தது. எனக்கு ஒரே திருப்தி. நேரம் எடுத்தால் 15 வினாடி.

"ஏனுங் தம்பி, இருந்ததும் போச்சுங்களே?"

அவர் சொன்னது சரி. கறுப்புப் புகை என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல் என்பது பாடம். ஆனால் தாமதமாகப் பீய்ச்சும் டீசலும் எரிய நேரம் இல்லாமல் புகையாகத்தான் போகும், அந்தச் சூடும் சைலன்சருக்குத்தான் போகும். இந்த வண்டி தாமதத்தால் இழந்த இழுவையை அதிக டீசல் ஊற்றி ஈடுகட்டிக்கொண்டிருந்தது. நான் ஈட்டை எடுத்துவிட்டு நோயை விட்டுவிட்டேன். முதலில் டைமிங்கைப் பார்த்திருக்க வேண்டும். அடையாளங்களும் இருந்தன: காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை சற்று நேரம் நிற்கும், டீசலுக்கே உரிய அந்தக் கடகடச் சத்தம் இந்த எஞ்சினில் சாதுவாக இருந்தது. எஞ்சின் அமைதியாக ஓடுகிறது என்று வாத்தியார் முதல் நாளே பெருமையாகச் சொன்னார். பழைய டீசல் எஞ்சின் அநியாயத்துக்கு அமைதியாக ஓடினால் நான் சந்தோஷப்படுவதில்லை. அன்றைக்கு ஏனோ காதில் ஏறவில்லை.

டயல் கேஜ்

பம்ப் உடம்பிலும் எஞ்சின் தகட்டிலும் சேர்த்து உளியால் ஒரு கோடு போட்டிருப்பார்கள். பம்ப்பைக் கழற்றிப் பூட்டும்போது அந்தக் கோடுகளைச் சேர்த்துவிட்டால் டைமிங் சரி என்பது வழக்கம். பார்த்தால் கோடு இம்மி பிசகாமல் சேர்ந்திருந்தது. ஆனால் பம்ப் பக்கத்துக் கோடு புதிதாக வெட்டியதுபோலத் தெரிந்தது. வாத்தியாரிடம் பழைய பில்லை எடுத்துவரச் சொன்னேன். பம்ப் சர்வீஸில் பாடியையே மாற்றியிருக்கிறார்கள். அது தப்பில்லை, தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். பழைய பாடியில் இருந்த கோட்டைக் கண்ணளவில் புதிய பாடிக்கு மாற்றி வெட்டியிருக்கிறார்கள், அங்கேதான் பிசகு. அந்தக் கோட்டுக்கு இனி அர்த்தமே இல்லை.

சரியான வழி, பம்ப்பின் பின்தலையின் நடுவில் உள்ள ப்ளக்கைக் கழற்றி, அங்கே டயல் கேஜைப் (நுண்ணிய நகர்வையும் முள்ளால் காட்டும் அளவுக் கருவி) பூட்டி, அதன் முனை பிளஞ்சரைத் தொடும்படி வைப்பது. எஞ்சினைக் கையால் பின்னோக்கித் திருப்பினால் ஓரிடத்தில் முள் அசையாமல் நிற்கும், அங்கே பூஜ்யம். பிறகு ஓடும் திசையில் மெதுவாகத் திருப்பி முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சத்தில் நிறுத்தினால் பிளஞ்சர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று முள் சொல்லும். கையேட்டில் அந்த எஞ்சினுக்கு ஓர் அளவு இருக்கும். மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இப்படி அப்படி இருந்தால் பரவாயில்லை. இங்கே 0.2 மி.மீ. குறைவு. எண் சின்னதாகத் தெரியும். எஞ்சினின் கிராங்க் தண்டு சுழலும் கணக்கில் அது சில டிகிரி தாமதம்.

பம்ப்பைச் சுழற்றும் டைமிங் பெல்ட்டை அதற்கு முன்பே பார்த்துவிட்டேன். பல் தாண்டவில்லை. ஒரு பல் தாண்டியிருந்தால் இதைவிட நிறையப் பிசகும், வண்டி ஸ்டார்ட் ஆகவே யோசிக்கும்.

ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் க்ளோ ப்ளக்குகளையும் கழற்றி, நாலு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (உள்ளே காற்று அழுந்தும் அளவு) எடுத்துவிட்டேன். 27, 27, 23, 26 பார். மூன்றாவது கொஞ்சம் சோர்வு. அதைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

பம்ப்பின் நட்டுகளைத் தளர்த்தி, நீள்துளைக்குள் மெல்லத் திருப்பி, முள் சொன்ன இடத்தில் பூட்டினோம். பூட்டும்போதே அது நகரும். நாலு முறை செய்ய வேண்டியிருந்தது. என் பையன் சலித்துக்கொண்டான். நாலாவது முறை நட்டை முழுசாக முறுக்கிய பிறகும் முள் நின்ற இடத்திலேயே நின்றது. லைன்களை மாட்டிக் காற்றெடுத்து ஸ்டார்ட் செய்தால், அந்தப் பழைய கடகட திரும்பி வந்துவிட்டது. வாத்தியார் முகம் சுருங்கியது. "சத்தம் கூடிருச்சேங்க?" என்றார். ரோட்டில் போய்ப் பார்க்கலாம் என்றேன். 11 வினாடி. புகை கண்ணுக்குத் தெரிந்ததே கியர் மாற்றும்போது மட்டும்தான்.

இரண்டு மிதியடிகள்

எனக்கு இன்னும் ஒரு வினாடி பாக்கி இருந்தது. மூன்றாம் சிலிண்டர் சோர்வில் போகட்டும் என்று விடப் பார்த்தேன். வண்டியைக் கழுவும்போது பையன் டிரைவர் பக்கத்து மிதியடியை எடுத்து உதறினான். அடியில் இன்னொரு மிதியடி. அதற்கடியில் தொழிற்சாலையிலிருந்து வந்த ரப்பர் விரிப்பு.

ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுக்கும் பம்ப் லீவரை முதல் நாளே நான் கையால் இழுத்துப் பார்த்திருந்தேன். கடைசி வரை சுலபமாகப் போனது, அதனால் தொந்தரவில்லை என்று குறித்துக்கொண்டேன். நான் பானெட்டுப் பக்கம் நின்று லீவரை இழுத்தேனே தவிர, உள்ளே ஒருவரை உட்காரவைத்து மிதிக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. இப்போது பையன் மிதிக்க, நான் பார்த்தேன். பெடல் மிதியடியில் முட்டி நின்றது, லீவர் கடைசி ஸ்டாப்பரைத் தொட இன்னும் 6 மி.மீ. பாக்கி. பம்ப் கழற்றிப் பூட்டியபோது கேபிளிலும் தொய்வு விட்டிருக்கிறார்கள். நான் முழு ஆக்ஸிலரேட்டர் என்று நினைத்து எடுத்த நேரம் எதுவுமே முழு ஆக்ஸிலரேட்டரில் எடுத்ததல்ல. நல்லவேளையாக எல்லா முறையும் அதே குறையோடு எடுத்ததால் ஒப்பிடுவதற்குக் கெடவில்லை.

மிதியடி ஒன்றை எடுத்தோம், கேபிளை இழுத்துப் பூட்டினோம். 9.8 வினாடி. முதல் நாள் ஐந்து நிமிடத்தில், செலவில்லாமல் செய்திருக்க வேண்டியதை ஆறாம் நாள் செய்தேன். இதை எழுதும்போதும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் என் சோதனைப் பட்டியலில் இப்போது முதல் வரி, "உள்ளே ஆள் உட்கார்ந்து மிதிக்கணும், லீவர் ஸ்டாப்பரைத் தொடணும்."

மேலே

ஆடி 18-க்கு நாலு நாள் முன்னால் காலையில் மறுபடி மலை ஏறினோம். வாத்தியார் ஓட்ட, நான் பக்கத்தில், பின்சீட்டில் அவர் வீட்டுக்கு மளிகை இரண்டு மூட்டை. 23-ல் செகண்டில் திரும்பி, நேராகும் இடத்தில் அவர் மூன்றாவதைப் போட்டார். போட வேண்டிய அவசியமில்லை. என்னிடம் காட்டுவதற்காகப் போட்டது. வண்டி ஒப்புக்கொண்டது.

50-ஆம் வளைவுக்கு மேலே இழுவை மறுபடி லேசாகக் குறைந்தது. வாத்தியாருக்கு உடனே பயம். இது நோய் இல்லை. டர்போ இல்லாத எஞ்சினுக்கு 100 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு இழுவை போகும், காற்று மெலிந்துகொண்டே போவதால். கொல்லிமலை மேலே 1,000 மீட்டருக்கு மேல். பத்தில் ஒரு பங்கை மலை எடுத்துக்கொள்ளும். பம்ப்புக்கு உயரம் தெரியாது. கீழே தந்த அதே டீசலை மேலேயும் தரும், அதனால் மலை மேலே சோளக்காடு ஊர்ப் பக்கம் கொஞ்சம் புகையும் வரும். கீழே புதுசாக வாங்கிய அன்றும் இந்த வண்டி இங்கே அப்படித்தான் ஏறியிருக்கும் என்றேன். "ஆமாங்க, அப்பவும் 50-க்கு மேல கொஞ்சம் சோம்பும்" என்று ஒப்புக்கொண்டார்.

புகைச் சோதனையில் 46 வந்தது. என் பில், ஹோஸ், ஃபில்டர், ஓ-ரிங், டேங்க் கழுவியது, கூலி எல்லாம் சேர்த்து 5,400 ரூபாய். கூலியில் இரண்டு நாளைக் குறைத்துத்தான் போட்டேன். ஸ்க்ரூவைத் திருகிய நாளுக்கும், மிதியடியைப் பார்க்காத நாளுக்கும் அவர் ஏன் காசு கொடுக்க வேண்டும்?

மூன்றாவது சிலிண்டரைத் தொடவில்லை. 23 பார் என்பது பயப்படும் அளவு இல்லை. ஆயில் 1,000 கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் குடிக்கிறது. வருடம் ஒருமுறை கம்ப்ரஷன் எடுத்து எழுதி வைப்போம், 20-க்குக் கீழே போனால் எஞ்சினைத் திறக்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அந்தத் தகட்டை வாத்தியார் கேட்டு வாங்கிக்கொண்டார். ஓரி விழாவுக்கு வந்த மச்சான்களுக்கெல்லாம் டேஷ்போர்டைத் திறந்து அதைத்தான் எடுத்துக் காட்டினாராம்.